ஐந்தாவது கேள்விக்கு ஒரு மதிப்பெண்

ராமநாதபுரம் கடற்கரைக் கத்தோலிக்கப் பங்குகளில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும், அவர்களுக்குக் கேள்வித்தாள் எடுத்துக் கொடுப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பிற்குரியவர்களுக்குத் தோத்திரம்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். ராமேஸ்வரம் தீவுக்காரி. 31 வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். அதில் 18 வருடம், ஞாயிற்றுக்கிழமையானால் பூசை முடிந்த கையோடு கோயில் திண்ணையில் உங்களைப் போலவே பிள்ளைகளை உட்காரவைத்து ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தேன். அப்பா சங்கு குளித்தவர். மூச்சு இளைப்பு வந்த பிறகு வள்ளம் வாங்கி வலைத்தொழிலுக்கு மாறினார். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், வெளியில் நின்றுகொண்டு கல்லெறிகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

விஷயம் ஒரு மதிப்பெண்ணைப் பற்றியது.

போன மார்ச் மாதம் மறைக்கல்வித் தேர்வு நடந்தது. என் பேத்தி ஐந்தாம் வகுப்பு. 25 மதிப்பெண் தாள். முதல் பகுதி, கோடிட்ட இடத்தை நிரப்புதல். ஐந்தாவது கேள்வி: 'விலங்குகளுக்கு ஆன்மா ________.' வகுப்பில் எழுதிப்போட்ட பதில் 'இல்லை'. இவள் 'தெரியாது' என்று எழுதிவைத்திருக்கிறாள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் 'இல்லை' என்று திருத்தம், 25க்கு 24. மதிப்பெண் போனதில் அவளுக்கு வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை. தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டுக் கேட்டாள்: "அம்மாச்சி, டீச்சருக்கு எப்படித் தெரியும்?"

எந்தப் பங்கு, எந்த ஆசிரியை என்று எழுதப்போவதில்லை. திருத்திய பிள்ளை நல்ல பிள்ளை. ஒரு பைசா வாங்காமல் தன் ஞாயிற்றுக்கிழமைகளை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவள். அவளுக்கு அந்தப் பதிலை யார் சொல்லிக்கொடுத்தது, அவர்களுக்கு யார் சொன்னது என்று பின்னாலேயே போனால் என்னைப் போன்ற கிழவிகளிடம்தான் வந்து நிற்கும்.

உண்மையில் அந்தப் பதிலை நான் நன்றாகவே சொல்லியிருக்கிறேன். 1994, கல்லறைத் திருநாளுக்கு முந்தின ஞாயிறு. இறந்தவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு வயசுப் பையன் ஒருவன் எழுந்து, "எங்க மணிக்கும் ஒண்ணு ஏத்தலாமா டீச்சர்?" என்றான். மணி அவன் வீட்டு நாய். அந்த வாரம்தான் லாரியில் அடிபட்டுச் செத்திருந்தது. கால்சட்டைப் பையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்தும் காட்டினான். கரண்ட் போனால் வீட்டில் ஏற்றுகிற, பாதி உருகிய மெழுகுவர்த்தி. "நாய்க்கு ஆத்துமா கிடையாது, உட்கார்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் உட்கார்ந்துவிட்டான். நடந்தது அவ்வளவுதான்.

அவன் இப்போது சொந்தமாகப் படகு வைத்திருக்கிறான், மூன்று பிள்ளைகள். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று பேச்சை எடுத்தேன். "அப்படியா டீச்சர்? ஞாபகமே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டான். எனக்குத்தான் ஞாபகம்.

சரி, பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். டீச்சருக்கு எப்படித் தெரியும்?

ஓய்வு பெற்ற பிறகு, நான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் சரிபார்க்கும் கெட்ட பழக்கம் ஒன்று வந்துவிட்டது. திருச்சபையின் பெரிய மறைவல்லுநரான புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கேள்வியைப் பிரித்து மேய்ந்திருக்கிறார். விலங்குக்கு ஆன்மா இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. உயிருள்ள உடம்பை உயிருள்ளதாக ஆக்குவது எதுவோ அதுதான் ஆன்மா என்பது அவர் கணக்கு. கிரேக்கத்து அரிஸ்டாட்டில் போட்ட பாதை அது. செடிகொடிக்கு வளரவும் பெருகவும் ஓர் ஆன்மா. விலங்குக்கு அதோடு உணரவும் ஆசைப்படவும் கூடிய ஆன்மா. மனிதருக்கு இவற்றோடு சிந்திக்கவும் கூடிய ஆன்மா. லத்தீனில் ஆன்மாவுக்கு 'அனிமா' என்று பேர். 'அனிமல்' என்ற சொல்லே அதிலிருந்து பிறந்ததுதான். ஆன்மா இருப்பதால்தான் அதற்கு அந்தப் பேரே வந்தது! உங்கள் விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினால் அக்குவினாஸுக்கும் 24தான்.

அவர் கோடு கிழிப்பது வேறு இடத்தில். பார்க்கக் கண் வேண்டும், ருசிக்க நாக்கு வேண்டும். விலங்கின் ஆன்மா செய்கிற வேலை எல்லாமே உடம்பின் ஏதோ ஓர் உறுப்பை நம்பித்தான் நடக்கிறது. அதனால் உடம்பு போனால் அதுவும் போய்விடும். நீதி என்றால் என்ன, உண்மை என்றால் என்ன என்று நினைக்கிற மனித ஆன்மாவின் வேலை எந்த உறுப்பிலும் அடங்காது. அதனால் அது உடம்புக்குப் பிறகும் நிற்கும். இதுதான் அவருடைய வாதம், நல்ல வாதம்தான். ஆனால் இது படித்த மனிதர் ஒருவர் யோசித்துச் சேர்ந்த முடிவு. ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்கிறோமே விசுவாசப் பிரமாணம், அதில் இப்படி ஒரு வரி கிடையாது. (பின்னால் 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்து டெக்கார்ட் என்பவர் விலங்குகள் கடிகாரம் மாதிரி வெறும் இயந்திரங்கள் என்று எழுதினார். நம் வகுப்புகளில் அக்குவினாஸ் பேரில் போகிற சரக்கில் பாதி இவருடையது என்று எனக்குச் சந்தேகம்.)

விவிலியத்தை எடுங்கள். தொடக்கநூல் இரண்டாம் அதிகாரத்தில் கடவுள் மண்ணைப் பிசைந்து மூச்சை ஊதியதும் மனிதன் என்ன ஆனான்? எபிரேயத்தில் 'நெஃபெஷ் ஹய்யா' ஆனான். முதல் அதிகாரத்தில் கடலில் நீந்துகிறவற்றைப் படைத்தபோதும் இதே இரண்டு சொற்கள்தான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் மனிதன் 'ஜீவாத்துமா' ஆகிவிட்டான், மீன் 'ஜீவஜந்து' ஆகிவிட்டது. மூலத்தில் இல்லாத ஒரு வரப்பு தமிழில் வந்து விழுந்தது. இப்போது நாம் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பு மனிதனை 'உயிர் உள்ளவன்' என்றும் மற்றவற்றை 'உயிரினங்கள்' என்றும் சொல்கிறது. வரப்பு பாதி கரைந்திருக்கிறது.

சபை உரையாளர் மூன்றாம் அதிகாரம் இன்னும் நேராகப் பேசுகிறது. மனிதருக்கும் விலங்குக்கும் முடிவு ஒன்றுதான், இரண்டுக்கும் மூச்சு ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, மனிதரின் ஆவி மேலே போகிறது, விலங்கின் ஆவி கீழே மண்ணுக்குள் போகிறது என்பதை யார் அறிவார் என்று கேட்கிறார். 3:21, எடுத்துப் பாருங்கள். யார் அறிவார் என்று விவிலியமே கேட்கிற கேள்விக்கு 'தெரியாது' என்று எழுதிய பிள்ளைக்குத்தான் பெருக்கல் குறி போட்டிருக்கிறோம்.

யோனா கதையைப் பிள்ளைகளுக்கு எப்படியும் சொல்வீர்கள், கடற்கரைப் பிள்ளைகளுக்கு அந்த மீன் பிடிக்கும். நானும் மீன் அவரைக் கக்கியதோடு கதையை முடித்துவிடுவேன். அந்த நூலின் கடைசி வரியை ஓய்வு பெற்ற பிறகுதான் கவனித்தேன். நினிவேயை ஏன் அழிக்கவில்லை என்று யோனா கோபித்துக்கொள்கிறார். ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருக்கிறார்களே, கால்நடைகளும் ஏராளமாக இருக்கின்றனவே, நான் இரங்க வேண்டாமா என்று கடவுள் கேட்கிறார். அதோடு நூல் முடிந்துவிடுகிறது, ஆடுமாடுகளின் பேச்சில்.

நம் அந்தோணியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். கச்சத்தீவுக்குப் படகேறிப் போய்க் கும்பிடுகிறோமே, அவர்தான். இத்தாலியில் ரிமினி ஊர்க்காரர்கள் காதுகொடுக்கவில்லை என்றதும் ஆற்றோரம் போய் மீன்களுக்குப் பிரசங்கம் பண்ணினார், மீன்கள் வரிசையாகத் தலையைத் தூக்கிக் கேட்டன என்பது கதை. நடந்ததோ இல்லையோ, ஆத்துமா இல்லாததற்குப் பிரசங்கம் எதற்கு என்று திருச்சபை அந்தக் கதையை ஒதுக்கிவிடவில்லை. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடலின் கடைசிப் பகுதியில், நிலைவாழ்வில் ஒவ்வொரு படைப்பும் ஒளிபெற்று உருமாறித் தன் இடத்தில் இருக்கும் என்று ஒரு வரி வருகிறது. நாய் மோட்சம் போகும் என்று இதற்குப் பொருள் சொல்ல நான் துணியமாட்டேன். 'இல்லை' என்று கோட்டை நிரப்பவும் துணியமாட்டேன்.

திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதில் சமநிலையாகத்தான் நிற்கிறது. விலங்குகளைத் தேவையில்லாமல் வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கே எதிரானது என்கிறது. மனிதரின் துயரைத் தீர்க்க வேண்டிய பணத்தை விலங்குக்குச் செலவழிப்பதும் தகாது என்று அதே பத்தியில் சொல்கிறது. இரண்டையும் நான் ஏற்கிறேன். இந்தத் தீவில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வழியில்லாத வீடுகளை எனக்குத் தெரியும்.

இனி என் தொழில் பேச்சு கொஞ்சம், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்பதே கொஞ்சம் சிரமம். 'உயிர்' என்று நம்மிடம் ஒரே சொல். அது மூச்சும்தான், ஆன்மாவும்தான். ஆன்மா, ஆத்துமம் எல்லாம் பின்னால் வந்தவை. 'நாய்க்கு உயிர் உண்டா?' என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் நம்மை ஒரு மாதிரிப் பார்க்கும்.

தொல்காப்பியர் உயிர்களை அறிவால் அடுக்குகிறார். புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு என்ற ஓரறிவு. அடுத்த படியில், தொடு உணர்வோடு நாக்கின் ருசியும் சேர்ந்த ஈரறிவில், அவர் வைப்பது நம் கடற்கரையில் கிடப்பதை: 'நந்தும் முரளும் ஈரறிவினவே'. உரைகாரர்கள் சங்கு, நத்தை, சிப்பி, கிளிஞ்சல் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவருகிறார்கள். அப்பா குளித்து எடுத்த சங்கில் உயிர் உள்ளதற்கு ஒரு விலை, செத்த கூட்டுக்கு ஒரு விலை. உயிரோடு இருப்பதற்குத்தான் கூடுதல். இந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "ருசி தெரியுமாக்கும் அதுக்கு?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. எறும்புக்கு மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு, விலங்குக்கு ஐந்து, மனிதருக்கு மனத்தோடு ஆறு. ஐந்தறிவில் 'மாவும் மாக்களும்' என்று சொல்லி, மனம் இருந்தும் பயன்படுத்தாத ஆட்களை விலங்கோடு சேர்த்துவிடுகிறார். ஆறறிவு மக்களுக்கு என்று சொன்ன பிறகு 'ஒருசார் விலங்கும் உளவென மொழிப' என்றும் ஒரு நூற்பா வருகிறது. சில விலங்குகளுக்கும் அந்த ஆறாவது உண்டு என்கிறது. கிளி, குரங்கு, யானை என்று உரை சொல்கிறது. இது படிக்கட்டு. மேல்படி, கீழ்படி உண்டு. நடுவில் சுவர் இல்லை.

நன்னூல்காரர்தான் கொஞ்சம் கறார். மக்கள், தேவர், நரகர் மூவரும் உயர்திணை, மற்றவை உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அஃறிணை. நரகத்தில் வேகிறவன் உயர்திணை, வாசலில் காவல் கிடக்கிற நாய் அஃறிணை! ஆனால் அதே நன்னூல், உவப்பினால் திணை மாறினாலும் குற்றமில்லை என்று வழி விடுகிறது. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவன் சொன்னால் அது பிழையில்லை, வழுவமைதி. பாசத்துக்காக ஒரு திணையையே இலக்கணம் விட்டுக்கொடுக்கிறது. ஒரு மதிப்பெண் விட்டுக்கொடுக்க நமக்கு என்ன?

நம் பக்கத்து வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும், ஒரே தெருவில்தானே விளையாடுகிறார்கள். உத்தரகோசமங்கை சிவன் கோயிலில் கும்பிடுகிறவர்களுக்கு மனித உயிர், விலங்கு உயிர் என்று இரண்டு இல்லை. 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்று மணிவாசகர் பாடியது ஒரே உயிர் மாற்றிப் போட்ட உடம்புகளை. சைவ சித்தாந்தத்தில் கட்டுண்ட உயிருக்குப் பெயரே பசு. அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் பிண்டம் கரைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்பனுக்கு வைத்த சோற்றைக் காக்கை தின்னும், கடலில் கரைத்ததை மீன் தின்னும், யாரும் விரட்டுவதில்லை.

அப்பாவோடு சங்கு குளித்த கீழக்கரைக்காரர் ஒருவரை நாங்கள் மாமா என்போம். தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்குத் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவனின் பாவங்களை இறைவன் மன்னித்தான் என்று நபி சொன்ன கதையை அவர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். குர்ஆனின் ஆறாவது அத்தியாயத்துக்குப் பேரே கால்நடைகள். ஊர்கிற பிராணிகளும் பறக்கிற பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று அதில் வருகிறது. ரூஹ் பற்றி, அதாவது உயிரைப் பற்றிக் கேட்டவர்களுக்குக் குர்ஆனில் வேறோர் இடத்தில் கிடைத்த பதில், அது என் இறைவனின் காரியம், உங்களுக்குக் கொடுக்கப்பட்ட அறிவு சொற்பம் என்பது. பேத்தியின் விடையை அந்த மாமா திருத்தியிருந்தால் முழு மதிப்பெண்ணும் போட்டிருப்பார்.

என் பேத்தி இதையெல்லாம் படித்துவிட்டு 'தெரியாது' என்று எழுதவில்லை. தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை அவர்கள் வகுப்பைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே வனத்துறை ஆமை முட்டைகளைச் சேகரித்து வேலிக்குள் புதைத்துவைத்து, ஐம்பது நாள் சுமாருக்குப் பொரிக்கிற குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. கூடையைச் சாய்த்ததும் எல்லாம் தண்ணீரைப் பார்த்து ஓடின. ஒன்று மட்டும் ஈர மணலில் அசையாமல் கிடந்ததாம். செத்துவிட்டது என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு அலை வந்து நனைத்துவிட்டுப் போனது. இரண்டாவது அலையில் துடுப்பை அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டதாம். ராத்திரி படுக்கும்போது, "அம்மாச்சி, அது எங்கேயிருந்து வந்துச்சு?" என்றாள். ஆமையா என்றேன். "இல்ல, அந்த உசுரு."

இதைக் கேட்ட பிள்ளைக்கு நாலு நாளில் கோடிட்ட இடம் வந்து நிற்கிறது.

நம் கடலைப் பற்றி இப்போது தெரிந்திருப்பது அக்குவினாஸுக்குத் தெரியாது, தொல்காப்பியருக்கும் தெரியாது. ஓங்கில் (டால்பின்) ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை உண்டு, மற்றவை அந்தச் சீழ்க்கையைப் போட்டு அதைக் கூப்பிடுகின்றன என்று கண்டிருக்கிறார்கள். பேர் வைத்துக் கூப்பிடுவதை வேறு என்னவென்று சொல்வது? நாம் கல்லில் அடித்துக் கொல்கிற பேய்க்கணவாய்க்கு (ஆக்டோபஸ்) 50 கோடி நரம்பணுக்கள், அதில் பெரும்பங்கு மண்டையில் இல்லை, கைகளில். ஆன்மா எங்கே குடியிருக்கிறது என்று தேடுகிறவர்கள் பேய்க்கணவாயிடம் எட்டு இடத்தில் தேட வேண்டியிருக்கும். 2012இல் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர்கள், உணர்வுநிலைக்கு வேண்டிய மூளை அமைப்பு மனிதருக்கு மட்டும் உரியதல்ல என்று கையெழுத்துப் போட்டு அறிவித்தார்கள். பிரிட்டன் 2022இல் போட்ட சட்டத்தில் நண்டும் இறாலும் கணவாயும் உணர்வுள்ள உயிர்கள் என்று சேர்க்கப்பட்டன. நண்டுக்கு நான்கறிவு என்று நம்மவர் எப்போதோ எழுதிவைத்ததைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? அந்த நண்டைத்தான் உயிரோடு கொதிதண்ணீரில் போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். இப்போது முதலில் கொஞ்ச நேரம் ஐஸில் வைக்கிறேன். மருமகள் சிரிக்கிறாள்.

2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரையேறின. நம் மாவட்டம் இல்லை, ஆனாலும் நம் மன்னார் வளைகுடாதான். மீனவர்கள் ராப்பகலாக அவற்றை ஆழத்துக்கு இழுத்துப்போய் விட்டார்கள். விடப்பட்டவற்றில் சில திரும்பி வந்து, கரையில் கிடந்தவற்றின் பக்கத்திலேயே ஏறிப் படுத்தன. ஏன் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கூட்டத்தை விட்டுப் பிரியாத சாதி அது என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

இவ்வளவும் சரி, அப்படியானால் நாம் எப்படி மீன் பிடிப்பது, எப்படித் தின்பது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 'ஆத்துமா இல்லை' என்ற பதில் நமக்கு அவ்வளவு வசதியாக இருப்பதே இதனால்தான். நான் இரண்டு வேளை மீன் தின்கிறவள். கடலில் உயிரை எடுத்துத்தான் இந்தக் கரை முழுக்க அடுப்பெரிகிறது, என்னைப் படிக்கவைத்ததும் அந்தக் காசுதான். இதற்கு என்னிடம் சுத்தமான பதில் கிடையாது. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1969. எனக்கு எட்டு வயது. அப்பாவின் திருக்கைவலையில் ஆவுளியா மாட்டிவிட்டது. இப்போது கடல்பசு என்று சுவரில் படம் போட்டு வைத்திருக்கிறார்களே, அதுதான். அது மீன் இல்லை. கடலடியில் புல் மேய்ந்துவிட்டு மூச்செடுக்கச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். அப்போது பாதுகாப்புச் சட்டம் கிடையாது, 1972இல்தான் வந்தது. ஆவுளியாக் கறியைச் சந்தையில் கூவி விற்பார்கள். அப்பா வள்ளத்தோடு சேர்த்துக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ஊரே கரையில் கூடிவிட்டது. அறுக்கும்போது கைத்துடுப்பின் கக்கத்திலிருந்து பால் வடிந்தது.

குட்டி வள்ளத்தின் பின்னாலேயே வந்திருக்கிறது. நாங்கள் பிள்ளைகள்தான் முதலில் பார்த்தோம். இடுப்பளவு தண்ணீரில் மூக்கை மட்டும் நீட்டிப் புஸ்ஸென்று மூச்சு விடும், முங்கும், கொஞ்சம் தள்ளி மறுபடி வரும். சாயங்காலம்வரை அங்கேயே சுற்றியது. மறுநாள் காலையிலும் இருந்தது. அதற்கடுத்த நாள் இல்லை. ஆவுளியா ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டிதான் ஈனும், ஒன்றரை வருடம்வரை பால் கொடுக்கும் என்பதெல்லாம் பின்னால் படித்தது. அன்றைக்கு அந்தக் கறியை நானும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

அப்பா அதற்கப்புறம் அந்தப் புல்வெளிப் பக்கம் திருக்கைவலை விரிக்கவே இல்லை. அங்கே கடல் வளமானது, மற்றவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஏன் போகவில்லை என்று அம்மா கேட்டதற்கு, "அங்க பாடு இல்ல" என்றார். பாடு இருந்தது என்று ஊருக்கே தெரியும்.

பாடு என்றால் நம் வாயில் வலையில் பட்ட மீன். தபசுகாலத்தில் கோயிலுக்குள் போனால் பாடு என்றால் ஆண்டவர் பட்டது. இரண்டும் 'படு' என்ற ஒரே வினையிலிருந்து வந்தவைதான், நாமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். அப்பா சொன்னது எந்தப் பாடு என்று நான் கேட்கவில்லை. அவருக்கு ஆவுளியாவின் ஆன்மா பற்றிக் கருத்து ஏதும் இருந்த மாதிரியும் தெரியவில்லை.

அந்தக் கேள்வியைத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இருக்கட்டும், நல்ல கேள்வி. கோடிட்ட இடத்துக்குத்தான் அது லாயக்கில்லை. கடைசிப் பகுதிக்குக் கொண்டுபோய், மனிதரின் ஆன்மாவும் விலங்கின் ஆன்மாவும் ஒன்றா, வேறா, நீ பார்த்ததை வைத்து நாலு வரி எழுது என்று கேளுங்கள். படகில் போகிற பிள்ளைகள் என்னவெல்லாம் பார்த்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியவரும். மனிதர் கடவுளின் சாயல் என்பதைத் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். அந்தச் சாயல் இருப்பதால்தான் வலைக்குள் கிடக்கிற இன்னொன்றைப் பார்த்து நமக்கு மட்டும் கை நடுங்குகிறது என்றும் சேர்த்துச் சொல்லலாம், இது என் சொந்தச் சரக்கு, பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். நவம்பர் 2ஆம் தேதி எந்தப் பிள்ளையாவது கால்சட்டைப் பையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்தால், கல்லறையில் ஏற்ற இடமில்லை என்று நீங்கள் நினைத்தாலும், கெபிக்கு (குகைக்கோயிலுக்கு) வெளியே மணலில் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். காற்று எப்படியும் அணைத்துவிடும்.

விடைத்தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மதிப்பெண்ணை மாற்றிப் போடுவதாக இருந்தால் வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் பேத்தியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள்: சிவப்பு மை வேண்டாமாம், பச்சை மையில் போட வேண்டுமாம்.

இப்படிக்கு,
உங்களுக்கு முன்னால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவள்,
ராமேஸ்வரம் தீவு.